ரயில் நிற்காத ஸ்டேஷன்கள்

லண்டனின் பாதாள ரயிலான டியூப்பில் மூடிக் கிடக்கும் நிலையங்களைப் பார்க்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: பேய் இருக்குமா? பேய் இல்லை. தூசி இருக்கிறது, படிகள் ஏராளமாக இருக்கின்றன. லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் 'ஹிடன் லண்டன்' என்ற பெயரில் சின்னச் சின்னக் குழுக்களாக இவற்றுக்குள் அழைத்துப் போகிறது. டிக்கெட் விலை கையைக் கடிக்கும். ஈஸ்ட் ஹாமில் நான் தங்கியிருந்த வீட்டில் சித்தி கேட்டார்: "ஓடுற ரயில்ல ஏறவே இவ்வளவு காசு. ஓடாத ஸ்டேஷனுக்கும் காசு குடுத்துப் போறியாக்கும்?" நியாயமான கேள்விதான். ஆனாலும் போனேன்.

முதலில் ஆல்ட்விச். ஸ்ட்ராண்ட் சாலையில், கிங்ஸ் கல்லூரியை ஒட்டி, கருஞ்சிவப்பில் பளபளக்கும் முகப்பு. 1907 நவம்பர் 30 அன்று திறந்தபோது இதன் பெயர் ஸ்ட்ராண்ட்; 1915இல்தான் ஆல்ட்விச் ஆனது. முகப்பில் இன்றைக்கும் பழைய பெயரையே படிக்கலாம்.

இந்தச் சிவப்பு முகப்புகளைக் கட்டியவர் லெஸ்லி கிரீன். நாலைந்து வருடங்களுக்குள் ஏறக்குறைய 50 நிலையங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டு, 1908இல் 33 வயதில் காசநோயில் இறந்துபோனார். உள்ளே எஃகுச் சட்டம், வெளியே மெருகேற்றிய டெரகோட்டா, மேலே தட்டையான கூரை. கூரை தட்டையாக இருப்பதற்குக் காரணம் அழகல்ல, பணம்: பின்னாளில் அதன் மேலேயே மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம். முதல் மாடியில் வரிசையாகத் தெரியும் பெரிய அரைவட்ட ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்தவை லிஃப்ட் இயந்திரங்கள். நான் அதை ஏதோ பிரபுவின் விருந்து மண்டபம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

கீழே இறங்கச் சுழல் படிகள், 160. லிஃப்ட் ஓடாது. இந்த நிலையம் மூடப்பட்டதே லிஃப்டால்தான். ஹோல்போர்னிலிருந்து பிரிந்து வரும் ஒற்றைக் கிளைத்தடத்தின் கடைசி நிறுத்தம் இது; கூட்டம் எப்போதுமே கம்மி. 1922இல் டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு லிஃப்டுக்குள்ளேயே டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1907இல் வைத்த லிஃப்ட்களை மாற்ற 30 லட்சம் பவுண்டு ஆகும் என்று கணக்கு வந்தபோது, நாளைக்கு 450 பேர்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். 1994 செப்டம்பர் 30 அன்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

கீழே எனக்குப் பிடித்தது நடைமேடை அல்ல, அதற்குப் போகும் வழியில் ஒரு பக்கவாட்டுப் பாதை. பெரிய கூட்டம் வரும் என்று நம்பி லிஃப்டுக்கு மூன்று குழிகள் தோண்டியிருக்கிறார்கள். லிஃப்ட் வைத்தது ஒன்றில் மட்டும். மற்றவற்றுக்குப் போகவேண்டிய பாதைகளில் கொஞ்ச தூரத்துக்கு மேல் ஓடு ஒட்டவே இல்லை. சுரங்கத்தைத் தாங்கும் வார்ப்பிரும்பு வளையங்கள் அப்படியே தெரிகின்றன. போல்ட்டுகள், வளையத்துக்கு வளையம் இருக்கும் இணைப்புகள், அதில் படிந்த கரி. அந்தக் காலத்து ஆழமான டியூப் நிலையங்களில் ஓடுகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான். இங்கே மூடி மறைக்க யாரும் வரவில்லை.

நடைமேடைகள் வேறு கதை. கிழக்குப் பக்க நடைமேடை 1914லேயே பயனற்றுப் போனது. முதல் உலகப் போரில் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அடுத்த போரில் நிலையமே 1940இலிருந்து 1946 வரை மூடப்பட்டு, மக்கள் தஞ்சமடையும் இடமானது. சுரங்கத்துக்குள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொருட்கள், ஏதென்ஸின் பழங்காலக் கோயிலிலிருந்து வந்த பார்த்தினான் சிற்பங்கள் உட்பட. அப்புறம் மற்ற நிலையங்களுக்கான ஓடு வடிவங்களை இங்கேதான் ஒட்டிப் பார்த்தார்கள். அதனால் ஒரே சுவரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல துண்டுகள். இன்னொரு நடைமேடை சினிமாக்காரர்கள் கையில். ரயிலும் நிற்கிறது, பெயர்ப்பலகையும் இருக்கிறது, சுவரில் போர்க்கால விளம்பரமும் இருக்கிறது. எது பழசு, எது படப்பிடிப்புக்காக ஒட்டியது என்று வழிகாட்டி சொன்னால்தான் தெரியும். பத்து நிமிடத்துக்கு மேல் எனக்கு அலுத்துவிட்டது. கேமராவுக்காகத் துடைத்து வைத்த பழமை அது.

டவுன் ஸ்ட்ரீட்டில் அந்தச் சந்தேகமே வராது, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் துடைக்கவில்லை. மேஃபேரின் ஒரு சந்துக்குள் 1907 மார்ச் 15 அன்று திறந்து, 1932 மே 21 அன்று மூடிய நிலையம். இந்தப் பக்கம் கிரீன் பார்க், அந்தப் பக்கம் ஹைட் பார்க் கார்னர், இரண்டும் கூப்பிடு தூரம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களோ சொந்த வண்டி வைத்திருந்த பணக்காரர்கள். யார் ஏறுவார்கள்?

மூடிய பிறகுதான் அதற்கு யோகம் அடித்தது. நாட்டின் ரயில்களையெல்லாம் போர்க்காலத்தில் நடத்திய இரயில்வே நிர்வாகக் குழு இதைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டது. நடைமேடை ஓரம் செங்கல் சுவர் எழுப்பி, அகலம் குறைந்த அந்த இடத்துக்குள் அறைகள், தொலைபேசி இணைப்பகம், படுக்கைகள், சமையலறை. 1940 இறுதியில் குண்டுவீச்சு உச்சத்தில் இருந்தபோது சர்ச்சிலும் இங்கே வந்து தங்கியிருக்கிறார். ரயில்வே ஹோட்டல்கள் வழியாக வந்த சாப்பாடு, ரேஷன் காலத்தில் வேறெங்கும் கிடைக்காத ரகம்.

டார்ச் வெளிச்சத்தில் குளியலறையைக் காட்டினார்கள். தொட்டி நிறைய கருப்புத் தூசி. ரயில் சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் தூசி எண்பது வருடமாகப் படிந்தது. சுவரில் குழாய்கள் வெட்டுண்டு நிற்கின்றன. 'சர்ச்சில் குளித்த தொட்டி' என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. உண்மையில் அங்கேயே தங்கி வேலை பார்த்த குழுவினருக்காகப் போட்டது. ராப்பகலாக வேலை பார்த்துவிட்டு, பூமிக்கு 22 மீட்டர் அடியில் வெந்நீரில் உட்கார்ந்திருந்த பெயர் தெரியாத அந்த அதிகாரிகளை நினைத்துக்கொள்வது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு விஷயம் அங்கே வேடிக்கையானது. அதிகாரிகள் ஏறி இறங்க ஒரு குட்டி நடைமேடை விட்டுவைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் சிக்னல் சிவப்பாகும், ரயில் நிற்கும், அதிகாரி ஓட்டுநர் அறைக்குள் ஏறிக்கொள்வார். பெட்டிகளில் இருந்த பயணிகளுக்கு எதற்கு நின்றது என்றே தெரியாது. இப்போதும் பிக்கடில்லி தட ரயில்கள் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகின்றன. வழிகாட்டி விளக்குகளை அணைக்கச் சொன்னார். காற்று முதலில் முகத்தில் அடித்தது, பிறகு சத்தம், பிறகு வெளிச்சமான ஜன்னல்கள் ஓடின. கையில் போனோடு உட்கார்ந்திருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் யூஸ்டனைத்தான் சொல்வேன். 1907இல் போட்டிக் கம்பெனிகள் இரண்டு இங்கே தனித்தனி நிலையம், தனித்தனி லிஃப்ட் வைத்துத் திறந்தன. கீழே மட்டும் இரண்டுக்கும் நடுவே பாதை. இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்த பிறகு, 1914இல் மேலே இருந்த கட்டடங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. பாதைகள் தொடர்ந்தன. விக்டோரியா தடத்துக்காக நிலையத்தை மாற்றிக் கட்டத் தொடங்கியபோது, 1962இல் அவற்றையும் அடைத்தார்கள்.

அடைத்தபோது சுவரொட்டிகளை யாரும் கிழிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம்! 1960களின் தொடக்கத்துச் சினிமா, சுற்றுலா, வீட்டுச் சாமான் விளம்பரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடை அடையாக ஒட்டியபடி கிடக்கின்றன. மேல் தாள் உரிந்த இடத்தில் கீழ்த் தாளில் ஒரு பெண்ணின் பாதிச் சிரிப்பு, பக்கத்தில் வேறொரு விளம்பரத்தின் விலை. யாரும் பாதுகாக்க நினைக்காததால் பிழைத்தவை. ஆல்ட்விச்சில் கண்ட ஒப்பனைக்குப் பிறகு இதைப் பார்த்தது நிம்மதியாக இருந்தது. பாதையின் ஒரு முனையில் காற்றோட்டக் கம்பி வலை. அதன் வழியே கீழே நடைமேடையில் நிற்பவர்களின் தலைகள் தெரியும். பழைய பாதைகள் இன்று செய்யும் வேலை இதுதான், ஓடுகிற நிலையத்துக்கு மூச்சு விடுவது.

போக நினைப்பவர்களுக்கு: டிக்கெட் விற்பனை தொடங்கிய கையோடு தீர்ந்துவிடும், அருங்காட்சியகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மூடிய ஷூ கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளை யோசித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் ரஸ்ஸல் ஸ்கொயருக்கோ கோவென்ட் கார்டனுக்கோ போங்கள். இரண்டும் லெஸ்லி கிரீன் கட்டியவை, இன்றும் ஓடுபவை. பிறகு பிக்கடில்லி தடத்திலேயே ஏறி, கிரீன் பார்க் தாண்டியதும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள். இரும்பு வளையங்கள் போய் சட்டென்று செங்கல் சுவர் வந்தால் அதுதான் டவுன் ஸ்ட்ரீட்.