வெள்ள முகாமில் எனக்குக் கிடைத்த நோட்டு வேலை

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் இரண்டு மூட்டை பழைய துணியோடு முகாமுக்குப் போனேன். வாசலிலேயே துணி மலைபோலக் குவிந்து, அடியில் ஈரத்தில் பூசணம் பிடித்துக் கிடந்தது. பொறுப்பில் இருந்த அக்கா என் மூட்டைகளைப் பார்க்கவே இல்லை. "கையெழுத்து புரியுற மாதிரி இருக்குமா? அப்ப உக்காருங்க" என்று ஒரு நீள நோட்டைக் கொடுத்தார்.

வந்தவர்களின் பெயரை எழுதும் வேலை. இதற்கா வந்தோம் என்று உள்ளுக்குள் சலிப்புதான். முதல் பக்கத்தில் குடும்பத் தலைவர் பெயர், பக்கத்தில் "குழந்தைகள் 3" என்று எழுதிக்கொண்டே போனேன். அக்கா மொத்தத்தையும் திருப்பி எழுத வைத்தார். எண்ணிக்கையை வைத்துச் சாப்பாடு போடலாம், பிள்ளையைத் தேட முடியாது என்றார்.

அன்று மாலையே அது புரிந்தது. பக்கத்து வீட்டாரோடு வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனை அவர்கள் கணக்கிலேயே சேர்த்திருந்தேன். தனியாக எழுதிய பிறகு, மற்ற முகாம்களுக்குப் போன் போட்டுப் பெயர்களை வாசித்தோம். வேறு படகில் போன அவன் அம்மா மூன்றாவது முகாமில் இருந்தார். இடையில் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து கூப்பிட்டார். உண்மையிலேயே சித்தப்பாதான், ஆனாலும் அம்மாவிடம் போனில் கேட்ட பிறகே அனுப்பினோம். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

அதுவரை அந்தப் பையன் செருப்பைக் கழற்றவே இல்லை. படுத்தபோதும் காலில் செருப்புதான். வருகிறவர்கள் எல்லாம் "தண்ணி எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டு, செல்போனை வேறு நீட்டினார்கள். படம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளாகச் சொன்னால் ஒழியக் கதை கேட்கக் கூடாது என்று தாளில் எழுதி ஒட்டினேன். ஒரு மூலையில் பாய் விரித்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் விளையாட்டுக் காட்டியதுதான் பிள்ளைகளுக்கு நன்றாக உதவியது.

பால் பவுடர் டப்பா பெட்டி பெட்டியாக வந்தது. எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நர்ஸ் தடுத்துவிட்டார். சுத்தமில்லாத தண்ணீரில் கலக்கினால் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றார். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று அழுத தாயிடம், பதற்றத்தில் பால் இறங்கத் தாமதமாகும், விடாமல் கொடுங்கள் என்று சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் டப்பா போனது.

குடிநீர் என் அடுத்த தலைவலி. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு 30 நிமிடம் விட வேண்டும். யார் காத்திருப்பார்கள்? போனில் அலாரம் வைத்துக் காவல் இருந்தேன். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் போக்கு நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். 10 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டுமாம். நோட்டில் பெயருக்கு நேரே தினமும் டிக் போட்டேன்.

பலர் கிளம்பத் தாமதித்ததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. "பழைய பெரிய வெள்ளத்துலயே மூணாவது படி தாண்டலியே" என்றார் ஒரு தாத்தா. அந்தப் படிக்கணக்கு இனி உதவாது. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பல நாளில் பெய்ய வேண்டியது ஒரே இரவில் கொட்டிவிடுகிறது.

பதினோராம் நாள் முகாமை மூடினார்கள். என் துணி மூட்டைகள் பிரிக்காமலேயே வீடு திரும்பின. நோட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அக்காவிடம் ஒப்படைத்தேன். பிள்ளைகள் விவரம் அதில் இருக்கிறதே, கண்டவர் கையில் விட முடியாது. ஒரு மாதம் கழித்து அவர் கூப்பிட்டார். நோட்டைப் பார்த்து வீடு வீடாகப் போன் செய்தோம். நான்கு பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. இரண்டு பேருக்குப் புத்தகம் இல்லை, ஒருவனுடைய சான்றிதழ் தண்ணீரோடு போய்விட்டது. ஒருத்தி, அம்மா வீட்டைக் கழுவி முடிக்கும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்கிறாளாம். நாளைக்கு முதலில் அவள் வீட்டுக்குத்தான் போகிறோம்.