முப்பது வாரமும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

"30ஆம் வாரம், சனி. 8 கிலோமீற்றர், 67 நிமிடம். முழங்கால் சுகம். இடது குதிகால் நரம்பு காலையில் இறுக்கம், பத்து அடி நடக்க விட்டது. சூடை அரைக் கிலோ."

என் ஓட்டக் கொப்பியில் (தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி) கடைசியாக எழுதியிருப்பது இதுதான். சூடை மீனுக்கு அங்கே என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு 41 வயது. திருகோணமலையில் கணிதம் படிப்பிக்கிறேன். படித்த காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்ததோடு என் விளையாட்டு முடிந்தது. ஓடத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை ஏற்றத்தில், மான்களைப் பார்க்கிற சாட்டில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, என் மாமியார் என்னை முந்திக்கொண்டு போனார். அவருக்கு 68. தைப்பொங்கல் கழிந்து, மாரி மழை விட்டு, ஒழுங்கைகள் காய்ந்ததும் தொடங்கிவிட்டேன்.

மகன் போனில் ஒரு திட்டம் இறக்கித் தந்தான். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் அம்மாவை ஓட வைப்பதற்காகப் போட்ட திட்டமாம். 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள். ஒன்பது வாரத்தில் 5 கிலோமீற்றர். முதல் நாள் டச் பே கடற்கரையோரம் அந்த 60 விநாடியே முடிவில்லாமல் நீண்டது. தெரிந்த மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன டீச்சர், பஸ்ஸை விட்டிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே கவலையோடுதான் கேட்டார்.

நாலாம் வாரத்தில் மூச்சு பிடிபட்டது. எனக்குச் சனி பிடித்ததும் அப்போதுதான். ஐந்தாம் வாரப் பக்கத்தைப் பாருங்கள்: "செவ்வாய் 4, புதன் 4, வியாழன் 6. பறக்கிற மாதிரி இருக்கு!!" அதைச் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் பிழையைத் திருத்துகிற பேனை அது. அன்றைக்குப் பிழையையே அதால் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை படி இறங்கும்போது வலது காலில் முழங்காலுக்குக் கீழே, உட்பக்க எலும்பு நெடுகிலும் வலி. சனிக்கிழமையும் ஓடினேன். "சூடானால் விட்டுவிடும்" என்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது. விட்டது, ஓடும்போது மட்டும். ஞாயிறு நொண்டினேன். மாமியார் எண்ணெய் சுட வைத்துக்கொண்டு வந்தார். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பவே யோசித்தேன்.

பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனால் அதட்டத் தெரிந்தவர். எலும்போரம் விரலால் அழுத்திக்கொண்டே போனார். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரந்திருந்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள பகுதியின் எரிச்சல். ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று குத்தினால், அதுவும் இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் நொந்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். அப்போது ஓட்டம் அடியோடு நிறுத்தம். எனக்கு முதலாவது.

அவர் சொன்னதில் மனதில் தங்கியது ஒன்று. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேண்டும். எலும்பு தன்னைப் பலப்படுத்தும்போது முதலில் பழையதை அரித்தெடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. வீட்டுக்கு ஓடு மாற்றுகிற மாதிரி. ஓடு இறக்கிய கிழமை பார்த்து மழை கொட்டினால் என்ன ஆகும்? நாலாம் ஐந்தாம் வாரத்தில் எனக்கு வந்த உற்சாகம் அந்த மழை.

அதுவரை உற்சாகம் வராதே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். என் கொப்பியில் சோம்பலால் தவறிய நாட்கள் எத்தனையோ உண்டு. அவற்றால் எனக்கு ஒரு கேடும் வரவில்லை. கேடு வந்ததெல்லாம் மனம் துள்ளிய நாட்களில்தான்.

அப்புறம் அந்தப் பெண் என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். ஓடத் தொடங்கியதும் இரவுச் சோற்றை விட்டிருந்தேன். மெலியலாம் என்ற ஆசை, வேறென்ன. அதற்கும் திட்டு. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டபோது இதற்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று விழித்தேன். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு ஹோர்மோன்களில் கை வைக்குமாம், எலும்பும் கூடவே மெலியுமாம். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறது. அன்றிரவு குரக்கன் புட்டும் மீன்குழம்பும் வயிறாரச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் ஓட்டம் இல்லை. சைக்கிளும் நடையும் மட்டும். மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் சாய்ந்து முன்பாதத்தைத் தூக்குவது, இவற்றை இடியப்பம் அவிகிற நேரத்தில் செய்தேன். சொல்லச் சுவாரசியம் இல்லாத மூன்று வாரம்.

திரும்பத் தொடங்கும்போது எவ்வளவு கூட்டலாம் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் சொல்வது வாரத்துக்குப் பத்து வீதம். கணித டீச்சரிடம் இதைச் சொல்லக்கூடாது. வாரம் 6 கிலோமீற்றரில் தொடங்கிப் பத்துப் பத்து வீதமாகக் கூட்டினால் எட்டுத் தடவை கூட்டியதும் இரட்டிப்புக்கு மேல். முப்பது தடவை கூட்டியதும் 100 கிலோமீற்றரைத் தாண்டும். நான் வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை 8 வாரத் திட்டத்திலும் மற்றவர்களை அந்தப் பத்து வீத விதிப்படி மெதுவாகக் கூட்டும் 13 வாரத் திட்டத்திலும் ஓட விட்டிருக்கிறார்கள். 2008இல் வெளியான முடிவு: இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். ஆகவே அந்தப் பத்து வேதவாக்கு அல்ல. நான் வைத்துக்கொண்டது வேறு: அடுத்தடுத்த நாட்களில் ஓடுவதில்லை, மூன்று வாரம் கூட்டினால் நாலாம் வாரம் குறைப்பது, பதின்மூன்றாம் வாய்பாட்டை மூச்சு முட்டாமல் சொல்ல முடியாத வேகத்தில் ஓடுவதில்லை. கடைசியானதைப் பார்த்துவிட்டு வீதியில் ஒருவர் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வீதியின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும், மழைநீர் வடிவதற்காக. எதிரே வரும் வாகனத்தைப் பார்த்து ஓடுவது பாதுகாப்பு என்று போகும்போதும் வரும்போதும் வலது ஓரத்திலேயே ஓடினேன். அப்படியென்றால் எப்போதும் வலக்கால்தான் பள்ளத்தில். எனக்கு நொந்ததும் வலக்கால். இது நிறுவல் அல்ல, ஒரேயொரு தரவு, தெரியும். கடற்கரை ஈரமணலும் சரிவுதான். ஆனால் அங்கே போகும்போது ஒரு கால் தாழ்ந்தால் வரும்போது மற்றது தாழும், கணக்குச் சரி. காய்ந்த மணல் பக்கம் மட்டும் போகாதீர்கள். தட்டையான நிலத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி குடிக்கும், கெண்டைக்கால் அடுத்த நாள் கல்லாகிவிடும்.

சித்திரைப் புதுவருடத்தில் ஒரு வாரம் பலகாரம்தான். கொப்பியில் "பயற்றம் பணியாரம்" என்று மட்டும் இருக்கிறது.

பிறகு கச்சான் காற்று வந்தது. தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டி ஈரமெல்லாம் வற்றி நம் பக்கம் அடிக்கிற அந்தக் காற்றை வெளியூர்க்காரருக்கு எப்படி விளக்குவது? அடுப்பு ஊதுகிற மாதிரி. 19ஆம் வாரம், சனிக்கிழமை என்பதால் ஏழரைக்குக் கிளம்பி நிலாவெளி வீதியில் ஓடினேன். ஐந்தாவது கிலோமீற்றரில் வியர்வை நின்றதுபோல் இருந்தது. காற்று அப்படியே உலர்த்திவிடுவதால் எவ்வளவு போகிறது என்றே தெரிவதில்லை. காது அடைத்தது, கண் இருண்டது. ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அக்கா தலையில் தண்ணீர் ஊற்றி, உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூளைக் கரைத்துத் தந்து, ஓட்டோவையும் பிடித்துத் தந்தார். காசு வாங்கவில்லை. "ஓடுறதெண்டா விடியமுன்னம் ஓடுங்கோ பிள்ளை" என்றார்.

விடியமுன் ஓடு என்று சொல்வது எளிது. இருட்டில் தனியாக ஒரு பெண், கூடவே தெருநாய்கள். ஆண்கள் இதை யோசிக்க வேண்டியதில்லை, கொடுத்து வைத்தவர்கள். இப்போது ஐந்தரைக்குக் கிளம்புகிறேன், மகன் பின்னால் சைக்கிளில். அவனுக்கு 12 வயது. சம்பளம் வாரம் ஒரு ஐஸ்கிரீம். அவன்தான் என் காலடிகளை எண்ணி, நிமிடத்துக்கு 152 என்றான். எட்டி வைக்கும் அடியைச் சிறிதாக்கி 162க்குக் கொண்டுவந்தேன். அடி எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து வீதம் கூட்டினால் முழங்காலில் விழும் பாரம் குறைகிறது என்று 2011 ஆய்வொன்று உண்டு. முழங்கால் பற்றி அதற்குப் பிறகு கொப்பியில் முறைப்பாடு இல்லை.

ஆடியில் குதிகால் நரம்பு, வைத்தியர் மொழியில் அக்கிலீஸ் தசைநார், இறுகத் தொடங்கியது. இந்த முறை கொப்பி காப்பாற்றியது. மூன்று நாள் தொடர்ந்து "காலையில் இறுக்கம்" என்று எழுதியதைப் பார்த்ததும் தூரத்தைப் பாதியாக்கினேன். சுவீடன் வைத்தியர் ஹாகன் அல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது: படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, நொந்த காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்கால் நேராக 15 தடவைப்படி மூன்று முறை, மடக்கி அதேபோல் மூன்று முறை, காலையும் மாலையும், 12 வாரம். அவருக்கே அந்த நோவு இருந்ததாம். சத்திரசிகிச்சை செய்ய மறுத்துவிட்டார்களாம். நரம்பு அறுந்தால் வெட்டித்தானே ஆக வேண்டும் என்று வேண்டுமென்றே பாரம் ஏற்றினாராம், அது சுகமாகிவிட்டதாம். ஒரு நாளைக்கு 180 தடவை. நான் நேர்மையாக 120 செய்கிறேன்.

சரி, சூடை மீன். மனம் வராத நாளில் மனதோடு பேசிப் பார்த்தால் மனம்தான் வெல்லும். ஆகவே ஓட்டத்துக்கு ஒரு வேலையைக் கட்டிவிட்டேன். கரைவலை இழுக்கிற நாட்களில் ஓட்டத்தின் முடிவு மீனவர் கொட்டில் போட்டிருக்கிற வாடியடிதான். காற்சட்டைப் பையில் காசும் ஒரு பையும். மீனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, ஆகவே கடைசிக் கிலோமீற்றர் கட்டாயம் நடை, உடம்பு ஆறவும் அது போதும். நான் போகாவிட்டால் மாமியார், "இண்டைக்குக் கறிக்கு என்ன?" என்பார். என்னை எழுப்புகிற உற்சாகப் பேச்சு அவ்வளவுதான். பஸ்ஸை விட்டேனா என்று கேட்ட அதே மீன்காரர் இப்போது எனக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்கிறார்.

உப்புவெளியில் பொதுநலவாயப் போர்வீரர் கல்லறை வாசலைத் தொட்டுத் திரும்பினால் எங்கள் வீட்டிலிருந்து 10 கிலோமீற்றர். இன்னும் தொடவில்லை. போன சனி அதற்கு ஒரு கிலோமீற்றர் முன்னால் திரும்பியபோது கால் நன்றாக இருந்தது, மூச்சும் இருந்தது. மகன் "அம்மா, இன்னும் கொஞ்சம்தானே" என்று சைக்கிளை முன்னால் விட்டான். கூப்பிட்டுத் திருப்பினேன். வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

வரும் வாரத்துக்கு இப்போதுதான் எழுதி வைத்தேன்: "31ஆம் வாரம், குறைக்கிற வாரம். சனி 5 மட்டும். அத்தைக்குச் சூடை அலுத்துவிட்டதாம், கீரிமீன் கிடைத்தால் வாங்க வேண்டும்."