வாளையார் வரிசையும் வர்க்கமூலமும்

2022 மார்ச்சில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கோவை அலுவலகத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் சின்ன நிறுவனம். 15ஆம் தேதி, இணையத் தொடர்பை ரகசியமாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஓட்டை என்று எச்சரிக்கை வந்தது. கூகுளின் டாவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்த ஓட்டை. ரகசியம் எதுவும் கசியாது, ஆனால் நிரல் முடிவில்லாத சுழற்சியில் சிக்கிக்கொள்ளும். அன்றிரவே வெப் சர்வர்களை 1.1.1என் பதிப்புக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விசித்திரமான ஓட்டை அது. எலிப்டிக் கர்வ் என்னும் வளைகோட்டுக் கணக்கில் அமைந்த குறியாக்கச் சாவிகளில், கோட்டிலுள்ள ஒரு புள்ளியின் எக்ஸை மட்டும் எழுதி, ஒய்யைச் சுருக்கிவிடுவது உண்டு. ஒய்யை மீட்க வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதற்கான கணக்கு, மீதி எடுக்க வகுக்கும் எண் பகா எண் என்று நம்பிக்கொள்கிறது. அந்த எண்ணை, இணையதளம் தன் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழுக்குள்ளேயே எழுதி அனுப்ப வழி இருந்தது. பகா எண் அல்லாத ஒன்றைப் பார்த்து வைத்தால், விடை தேடும் சுழற்சி முடியவே முடியாது. கையொப்பம் செல்லுமா என்று பார்ப்பதற்கு முன், படிக்கும்போதே மாட்டிக்கொள்ளும். எனவே போலிச் சான்றிதழே போதும்.

மறுவாரம்தான் உறைத்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் சான்றிதழை ஏற்றுவதற்கு ஒரு பக்கம் வைத்திருந்தோம். அதைப் படிக்கும் பழைய நிரலை, எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் ஓபன்எஸ்எஸ்எல்லையும் உள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தார். வெளியே என்ன புதுப்பித்தாலும் அதற்குத் தெரியாது.

சோதனை சர்வரில் அப்படியொரு சான்றிதழை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் 'மீண்டும் முயலவும்' என்று பக்கம் சொன்னது. நானும் சமர்த்தாக முயன்றேன், நான்கு முறை. அப்புறம் பார்த்தால் நான்கு சிபியுவும் 100 சதவீதம். பக்கம் கைவிட்ட பிறகும் பின்னால் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியது நான்தான். யார் எழுதியது என்று அலுவலகத்தில் யாரும் இன்னும் கேட்கவில்லை.

"ஏன் அம்மிணி, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் அப்பா. லாரி ஓட்டியவர். ஜிஎஸ்டிக்கு முன்பு கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்தவர். நிரல் சிக்கி நிற்பதற்கு அந்த வரிசையையே உதாரணமாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க வண்டி ஆயிரம் நிக்கும், அதனால வரிசை. நீ சொல்றது ஒரே வண்டி. பேப்பரை வாங்குன ஆபீசரு தலையே தூக்கறதில்ல. அவரை அப்பப்ப எழுப்பி உடறதுக்கு ஆளு வேணும்."

நிரலைப் புதிய ஓபன்எஸ்எஸ்எல்லோடு மறுபடி கட்ட அலுவலகத்தில் இரண்டு நாள் கேட்டார்கள். அதுவரை காத்திருக்க மனமில்லை. சான்றிதழ் படிப்பதைத் தனியாக ஓடும் ப்ராசஸாகப் பிரித்து, ஐந்து விநாடிக்கு மேல் போனால் கொன்றுவிடும்படி அன்று மாலையே எழுதினேன். அதே சான்றிதழை மறுபடி ஏற்றினேன். அப்பா பின்னால் நின்று சத்தமாக எண்ணினார். ஐந்தில் அது செத்தது.




'மீண்டும் முயலவும்' என்பதையும் எடுத்துவிட்டேன்.