குளவி வேண்டாம் என்று சொல்லும்போது

ஒட்டுண்ணிக் குளவிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "கொட்டுமா?" என்பதுதான். கொட்டாது. நான் கையாளும் குளவிகள் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். கண்ணாடியில் ஊர்ந்து போனால் தூசி என்று துடைத்துவிடுவீர்கள். அடுத்த கேள்வி, "அப்புறம் எப்படிப் பூச்சியைக் கொல்லும்?" இதற்குப் பதில் சொல்ல எனக்கும் பிடிக்கும். தாய்க்குளவி பூச்சியின் உடலுக்குள்ளோ அதன் முட்டைக்குள்ளோ தன் முட்டையை வைத்துவிடும். பொரித்து வரும் புழு உள்ளிருந்தே தின்று வளரும். கடைசியில் ஓட்டில் ஒரு துளை போட்டுக்கொண்டு குளவியாக வெளியே வரும்.

ஆனால் கொல்வதைப் பார்ப்பது என் வேலையில் சிறு பகுதிதான். மற்ற நேரமெல்லாம் குளவி எதைத் தொடாமல் விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பூச்சி வந்து பயிரை அழித்தால், அதன் சொந்த ஊரில் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் குளவியைத் தேடிக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்ததை நேராக வயலில் விட முடியாது. காற்றுக்கூட வடிகட்டி வழியாகவே வெளியேறும் தனிமைப்படுத்தல் அறையில் முதலில் வளர்க்க வேண்டும். குளவியையே தின்னும் இன்னொரு குளவி கூடவே வந்திருக்கலாம். அதைக் களைய வேண்டும். அதன்பின் நம்மூர் பூச்சிகளை, முக்கியமாகத் தொல்லைப்பூச்சிக்கு உறவான அப்பாவிகளையும் நன்மை செய்பவற்றையும், ஒவ்வொன்றாகக் குளவியின் முன் வைத்துப் பார்க்க வேண்டும்.

நுண்ணோக்கியில் அந்தக் காட்சி இப்படி இருக்கும். குளவி முட்டைக் குவியலை நோக்கி நடந்து வருகிறது. உணர்கொம்புகள் படபடவென்று தட்டுகின்றன. ஏறி நிற்கிறது, திரும்புகிறது, மறுபடி தட்டுகிறது. பின்பக்கத்தை வளைத்து முட்டையிடும் ஊசியை நீட்டினால் எனக்குக் கெட்ட செய்தி. சட்டென்று இறங்கி ஓரமாகப் போய் கொம்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியையும் உடனே நோட்டில் எழுத முடியாது. குளவிக்கு வயதாகியிருக்கலாம், பயணத்தில் களைத்திருக்கலாம், சும்மாவே மந்தமாக இருக்கலாம். அதனால் மறுத்த அதே குளவிக்கு அதன் உண்மையான இரையைக் கொடுத்துப் பார்ப்போம். அதில் முட்டையிட்டால்தான் முன்பு மறுத்தது கணக்கில் சேரும். இந்தப் படியைத் தாண்டிப் போகும் ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை.

மறுப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு டிரைக்கோகிரம்மாவைச் சொல்லலாம். அரை மில்லிமீட்டர் குளவி. அந்துப்பூச்சி முட்டை மேல் ஏறியதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கும். அந்த நடைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து முட்டையின் அளவைக் கணித்து, அதற்கேற்ப எத்தனை முட்டை வைப்பது என்று முடிவு செய்யும். ஏற்கெனவே இன்னொரு குளவி வந்துபோன முட்டையென்றால் பெரும்பாலும் இறங்கிவிடும். இத்தனைக்கும் இது அவ்வளவு பிகு செய்யும் இனமில்லை. பல வகை அந்துப்பூச்சி முட்டைகளை ஏற்கும். அதனால்தான் சேமிப்புக் கிடங்குப் பூச்சியான கார்சைராவின் முட்டையிலேயே இதைப் பெருக்கி, அட்டையில் ஒட்டி, வயலுக்கு அனுப்ப முடிகிறது. ஒரு சிசி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் முட்டை ஒட்டிய அட்டையில் ஏறக்குறைய 20,000 முட்டைகள் இருக்கும். கார்சைரா புழு பொரித்துவிடாமலிருக்க முதலில் புறஊதா ஒளியில் காட்டிக் கருவைக் கொன்றுவிடுவார்கள். குளவி நுழைந்த முட்டைகள் மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். அட்டை கறுத்திருக்கிறதா என்பதுதான் பார்த்தவுடன் தெரியும் தரப் பரிசோதனை.

வளர்ப்பறையில் மறுப்பு இன்னொரு வேடத்தில் வரும். இந்தக் குளவிகளில் கருவுற்ற முட்டை பெண், கருவுறாத முட்டை ஆண். எதை இடுவது என்பது தாயின் கையில் இருக்கிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சிகளைத் தாக்கும் குளவிகளில், பூச்சி சிறியதாக இருந்தால் ஆண் முட்டையாக வைத்துவிட்டுப் போகும் இனங்கள் உண்டு. சின்ன இரையில் மகளை வளர்த்து என்ன பயன் என்பது போல. பரங்கிக்காயிலோ முளைவிட்ட உருளைக்கிழங்கிலோ வளரும் மாவுப்பூச்சிகள் போதிய அளவுக்கு வருமுன் அவசரப்பட்டுக் குளவியை விட்டால், வருவதெல்லாம் ஆணாகவே வரும். வயலில் ஆண் குளவியால் ஒரு பூச்சியும் சாகாது. எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் அழகாக இருக்கும்.

குளவியின் மறுப்பைக் காது கொடுத்துக் கேட்டதால் கண்டமே பிழைத்த கதை மரவள்ளி மாவுப்பூச்சியுடையது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடியது. எதிரியைத் தேடியவர்களுக்குத் தென் அமெரிக்காவின் வடபகுதியில் அச்சாக அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அதிலிருந்து எடுத்த குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. உற்றுப் பார்த்தபோது இரண்டும் வேறு இனங்கள். வடக்கே இருந்ததில் ஆண்கள் உண்டு, ஆப்பிரிக்காவுக்கு வந்தது பெண்ணாகவே பெருகுவது. குளவிகள் முதலிலேயே சொல்லிவிட்டன என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1981இல் பூச்சியியலாளர் அந்தோனி பெல்லாட்டி பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டார். அங்கிருந்து கிடைத்த அனகைரஸ் லோபெசி என்ற குளவி லண்டனில் தனிமைப்படுத்தப்பட்டு, அதே ஆண்டு இறுதியில் நைஜீரியாவில் விடப்பட்டது. பிறகு ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பகுதி முழுக்கப் பரவியது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2008இல் தாய்லாந்திலும் 2020இல் கேரளத்திலும் தலைகாட்டியபோது அதே குளவியைத்தான் வரவழைத்தார்கள்.

எதையும் மறுக்காத ஒட்டுண்ணியை விட்டால் என்ன ஆகும் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. அது குளவியல்ல, ஈ. கம்ப்சிலூரா என்று பெயர். மரங்களின் இலைகளைத் தின்றழிக்கும் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியை ஒழிக்க 1906இல் அமெரிக்காவில் விட்டார்கள். அது 180க்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கும். குறிவைத்த பூச்சி இன்றும் இருக்கிறது. அந்த மண்ணுக்கே உரிய பெரிய பட்டு அந்துப்பூச்சிகள் பல இடங்களில் அருகிப்போனதற்கு இந்த ஈயும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. என் பரிசோதனைகள் இழுத்துக்கொண்டே போகின்றன என்று யாராவது சலித்துக்கொண்டால் இந்த ஈயைத்தான் காட்டுவேன்.

ஆனால் கூண்டுக்குள் கிடைக்கும் பதிலும் முழு உண்மையல்ல. சின்ன டப்பாவில் வேறு எதுவும் இல்லாமல் அடைத்தால், வெளியே திரும்பியும் பார்க்காத பூச்சியைக்கூடக் குளவி ஏற்றுக்கொள்ளும். வயலில் அது இரையைக் கண்டுபிடிப்பது வாசனையால். புழு கடித்த மக்காச்சோள இலை, புழுவின் எச்சில் பட்டதும் தனி வாசனையை வெளிவிடும், அதைப் பிடித்துக்கொண்டு குளவி வரும் என்று 1990இல் காட்டினார்கள். டப்பாவில் செடியும் இல்லை, தேடலும் இல்லை.

இந்தச் சிக்கல் சாமுராய் குளவியில் அப்படியே தெரிந்தது. ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பழுப்பு நாற்றப்பூச்சியின் முட்டையைத் தாக்கும் குளவி இது. தனிமைப்படுத்தல் கூடங்களில் வருடக்கணக்கில் சோதித்தார்கள். மற்ற பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் ஒரு நாவாய்ப்பூச்சியின் முட்டையையும் அது ஓரளவு ஏற்றது. விடலாமா வேண்டாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2014இல் மேரிலாந்தில் அதே குளவி வெளியே திரிந்தது. யாரும் விடவில்லை. சரக்கோடு தானாக வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். நியூசிலாந்து இதற்கு நேர்மாறாக, நாற்றப்பூச்சி வந்து குடியேறுமுன்பே, அப்படி வந்தால் விடலாம் என்று 2018இல் நிபந்தனைகளுடன் அனுமதி கொடுத்து வைத்துவிட்டது.

நியூசிலாந்து செய்ததுதான் எனக்குச் சரியென்று படுகிறது. மறுப்புப் பட்டியலை நிதானமாகத் தயாரிக்க அவகாசம் கிடைப்பது பூச்சி வருமுன்தான். வந்தபின் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எப்போது விடுவீர்கள்?