மாணவர்களே வழங்கும் கற்பித்தல் விருது: தேர்வுக் குழுவில் ஓராண்டு

எங்கள் இயற்பியல் துறையில் ஆண்டுதோறும் சிறந்த கற்பித்தலுக்காக ஒரு விருது வழங்கப்படுகிறது. பரிந்துரைப்பவர்கள் மாணவர்கள், பரிசீலிப்பவர்கள் மாணவர்கள், முடிவெடுப்பவர்களும் மாணவர்களே. துறைத் தலைவருக்குக்கூட அதில் வாக்கு கிடையாது. சென்ற முறை அதன் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். இத்தகைய விருதைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே நடத்திக்கொண்டே அதன் மதிப்பைப் பற்றி அவ்வப்போது ஐயம் கொள்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், அந்த வேலை எப்படி நடந்தது, எங்கெங்கே சிக்கிக்கொண்டு நின்றது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலாண்டு மாணவர் முதல் முனைவர் பட்ட ஆய்வாளர் வரை எல்லா நிலைகளிலிருந்தும் குழுவில் ஆட்கள் இருந்தார்கள். முதல் கூட்டம் முழுவதும் விதிகளிலேயே போயிற்று. தம்முடைய ஆய்வு வழிகாட்டியின் பெயர் பரிசீலனைக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பரிந்துரைத்தவரின் பெயர் குழுவைத் தாண்டிப் போகக் கூடாது. பருவத் தேர்வு மதிப்பெண்கள் வெளியாவதற்கு முன்பே பரிந்துரைகளைப் பெற்று முடித்துவிட வேண்டும். மூன்றாவது விதிதான் முக்கியமானது. அது இல்லாவிட்டால் நல்ல மதிப்பெண்ணுக்கான நன்றியும் குறைந்த மதிப்பெண்ணுக்கான கோபமும் படிவத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உண்மையான விவாதம் படிவத்தை எடுத்தபோதுதான் தொடங்கியது. பழைய படிவம் எளிமையானது: ஆசிரியரின் பெயர், அவரிடம் எவ்வளவு கற்றுக்கொண்டீர்கள் என்பதற்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண், விரும்பினால் சில வரிகள். இயற்பியல் கற்பித்தலையே ஆய்வுப் பொருளாக எடுத்திருந்த ஒரு மூத்த மாணவி, அந்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டார். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வை அவர் எடுத்துக்காட்டினார். ஒரே பாடத்தை ஒரு பிரிவினர் மெருகேறிய விரிவுரையாகக் கேட்டார்கள். மற்றொரு பிரிவினர் சிறு குழுக்களாக அமர்ந்து தாமே கணக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த பாடத்தில் இரு பிரிவினரும் இடம் மாறினார்கள். தேர்வு வைத்தபோது தாமே போட்டுப் பார்த்தவர்கள் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்களின் எண் மேலே நின்றது. தட்டுத்தடுமாறிக் கற்பவருக்குத் தாம் கற்கவே இல்லை என்று தோன்றுகிறது. சரளமான பேச்சைக் கேட்பவருக்கோ அந்தச் சரளம் தம்முடையதே என்று தோன்றிவிடுகிறது.

இது புதிய சிக்கலும் அல்ல. 1973இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஒரு நடிகரைப் பெரிய நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, முன்னுக்குப் பின் முரணான, உள்ளடக்கமே இல்லாத ஓர் உரையைக் கலகலப்பாக நிகழ்த்தச் செய்தார்கள். மனநல மருத்துவர்கள் உள்ளிட்ட படித்த அவையினரே அவருக்கு நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். இதைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஒருவர், அப்படியானால் மாணவர் விருதையே மூடிவிடலாமே என்றார். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனாலும் அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

மாணவர்களின் கற்றலை நேரடியாக அளக்கும் வழி இயற்பியலில் உண்டு. விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் கருத்துகள் புரிந்திருக்கின்றனவா என்று பார்க்கும் கேள்வித்தாளான, 1992இல் ஹெஸ்டெனஸ் முதலியோர் வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனையைப் பாடத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் வைக்கலாம். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர் 62 பாட வகுப்புகளில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடமிருந்து கிடைத்த முடிவுகளைத் தொகுத்தார். முதல் சோதனையில் தவறவிட்ட மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கை மாணவர்கள் பின்னர் எட்டிப் பிடித்தார்கள் என்பது அவருடைய அளவை. வழக்கமான விரிவுரை வகுப்புகளில் அது சராசரியாக 0.23; மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 0.48. ஆனால் இந்தச் சோதனை நியூட்டனின் விசையியலுக்கு மட்டுமே உரியது. ஒரு துறையின் எல்லாப் பாடங்களுக்கும், மாணவர்களாகிய நாங்கள், ஒரு பருவத்துக்குள் இப்படியொரு சோதனையை நடத்துவது நடக்கிற காரியமா?

ஆகவே கேள்வியையே மாற்றினோம். எவ்வளவு கற்றோம் என்பதற்கு மாணவர் நல்ல சாட்சி அல்லர். ஆனால் வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேறு யாரும் இல்லை. துறைத் தலைவர் பருவத்துக்கு ஒரு முறை வந்து பின் வரிசையில் அமர்ந்து போகலாம். வாரந்தோறும் அதே அறையில் இருப்பவர்கள் மாணவர்கள்தாம். எனவே புதிய படிவத்தில் மதிப்பெண் இல்லை. இந்த ஆசிரியரின் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்வை விவரியுங்கள். உங்களுக்குப் புரியாதபோது அவர் என்ன செய்தார். இப்போது ஒரு கணக்கை எடுத்தால் முன்பு செய்யாத எதைச் செய்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகள் மட்டுமே இருந்தன. பரிந்துரைகளின் எண்ணிக்கை இதனால் குறைந்தது. எழுதச் சோம்பல்பட்டவர்கள் விலகிக்கொண்டார்கள். அது நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன். குழுவில் எல்லாரும் அப்படி நினைக்கவில்லை.

வகுப்பின் அளவு அடுத்த தலைவலி. முதலாண்டு விசையியலில் ஒரு அரங்கம் நிறைய மாணவர்கள் இருப்பார்கள்; பொதுச் சார்பியல் விருப்பப் பாடத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துவிடலாம். எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய வகுப்பின் கைதான் ஓங்கும். விழுக்காட்டைப் பார்க்கலாமே என்றால், தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு இருக்கும்: ஒன்பது பரிந்துரைகளில் அது சுமார் மூன்று, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நூறு பரிந்துரைகளில் அது பத்து, அதாவது பத்தில் ஒரு பங்குதான். ஆய்வக அறிக்கையில் பிழை வரம்பு போடாமல் கொடுத்தால் திருப்பி அனுப்பப்படும் துறையில் இருந்துகொண்டு இதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட முடியுமா? இறுதியில் எண்ணிக்கையை நுழைவாயிலாக மட்டும் வைத்துக்கொண்டோம். வகுப்பின் அளவுக்கேற்பக் குறைந்தபட்சப் பரிந்துரைகள் வந்துவிட்டால் போதும். அதன் பின் எழுதப்பட்டதை மட்டுமே எடைபோட்டோம்.

எழுதப்பட்டவற்றில் பாதிக்கு மேல் "அருமையான ஆசிரியர்", "எந்நேரமும் உதவுவார்" என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரு முதலாண்டு மாணவரின் பரிந்துரை எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை அதன்மேல் செலுத்தும் செங்குத்து விசையும் செயலும் எதிர்ச்செயலும் ஆகும் என்று அந்த வகுப்பே நம்பியிருந்தது. ஆசிரியர் மறுக்கவில்லை. அந்த மேசையை மேல்நோக்கி முடுக்கம் பெறும் லிஃப்டில் வைத்து, இரண்டு விசைகளையும் கணக்கிடச் சொன்னார். செங்குத்து விசை எடையைவிடக் கூடுதலாக வந்தது. செயலும் எதிர்ச்செயலும் எப்போதும் சமமாயிற்றே என்று யாரோ கேட்க, ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். புத்தகம் பூமியை இழுக்கும் விசைதான் எடையின் எதிர்ச்செயல் என்று கண்டறிந்தது மாணவர்களே. "அன்றிலிருந்து ஒவ்வொரு விசைக்கும் யார் யார்மேல் என்று எழுதிப் பார்க்கிறேன்" என்று அந்த மாணவர் முடித்திருந்தார். மூன்றாவது கேள்விக்கு நாங்கள் எதிர்பார்த்த விடை இதுதான்.

இறுதிப் பட்டியலில் வந்தவர்களின் ஒப்புதலைப் பெற்று, அவர்களுடைய வகுப்புகளுக்குச் சென்று அமர்ந்தோம். ஆசிரியரைப் பார்க்காதீர்கள், மாணவர்களைப் பாருங்கள் என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் குறித்தோம். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளை அளந்து, ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அது மூன்று நொடிகளானால் விடைகளின் நீளமும் தரமும் கூடுகின்றன என்றும் காட்டியிருக்கிறார். பல்கலைக்கழக வகுப்பிலும் அந்த ஒரு நொடியை நாங்கள் பார்த்தோம்.

நான் சென்ற குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் நிலைமை வேறாக இருந்தது. காந்தப் புலத்தைக் கொண்டு அணுக்களின் கற்றையை இரண்டாகப் பிரிக்கும் ஸ்டெர்ன்–கெர்லாக் கருவியைப் பற்றிய பாடம். வெள்ளி அணுக்களின் கற்றையை முதலில் செங்குத்துத் திசையில் பிரித்து மேலே போவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதைக் கிடைத்திசையில் பிரித்து அதிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மீண்டும் செங்குத்துத் திசையில் பிரித்தால் என்ன கிடைக்கும்? ஆசிரியை கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அறையே சங்கடப்படும் அளவுக்குக் காத்திருந்தார். எல்லாம் மேலேதான் போகும் என்று பெரும்பாலோர் கை தூக்கினார்கள். ஏன் என்று கேட்டு, அவர்கள் சொன்ன காரணத்தைப் படிப்படியாகப் பலகையில் எழுதினார். ஒவ்வோர் அணுவும் இரு திசைகளுக்கான விடையையும் முன்பே சுமந்து வருகிறது என்பது அதில் ஒரு வரி. அதன் பிறகே, கற்றை சரிபாதியாக மேலும் கீழும் பிரியும் என்ற சோதனை முடிவைக் காட்டினார். எந்த வரியை அடிப்பது என்று கேட்டபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து சென்று அந்த வரியை அடித்துவிட்டு வந்தார். அவர் உட்காரும்வரை ஆசிரியை வாயே திறக்கவில்லை.

ஆய்வகங்களில் கற்பிக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு விருது தரலாமா என்பதில் வாக்குவாதம் முற்றியது. விதிப்படி பாட ஆசிரியர்கள் மட்டுமே தகுதியுடையவர்கள். ஆனால் அளவீட்டின் நிச்சயமின்மையைப் பற்றி மாணவர்கள் எதையேனும் உருப்படியாகக் கற்றிருந்தால், "இந்த எண்ணை எதற்காக நம்புகிறாய்?" என்று அருகில் நின்று கேட்ட அந்த உதவியாளர்களிடம்தான் கற்றிருக்கிறார்கள். நடுவில் விதியை மாற்றுவது முறையல்ல என்பதால் அந்த ஆண்டு விட்டுவிட்டு, அவர்களுக்கெனத் தனிப் பரிசு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

இறுதிக் கூட்டத்தில் யாரும் பேசத் தொடங்குவதற்கு முன், ஒவ்வொருவரும் தம் வரிசையையும் காரணத்தையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. குரல் உயர்ந்தவர் பக்கம் குழு சாய்வதை இது ஓரளவு தடுத்தது. கடைசியில் இருவர் எஞ்சினார்கள்: கேட்பவரைக் கட்டிப்போடும் விரிவுரையாளர் ஒருவர், மற்றவர் அந்தக் குவாண்டம் ஆசிரியை. நல்ல விரிவுரை வெறும் நடிப்பு அல்ல என்று விரிவுரையாளருக்காக வாதிட்டவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருவரின் வினாத்தாள்களையும் பயிற்சித் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் முடிவு தெளிவாயிற்று. ஆசிரியையின் ஒவ்வொரு தாளிலும், கணக்கிடுவதற்கு முன் விடையை ஊகித்து எழுதும்படியும், பிறகு அந்த ஊகம் எங்கே பிசகியது என்று விளக்கும்படியும் ஒரு பகுதி இருந்தது. அந்த விளக்கத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு.

பாராட்டுரையை எழுதுவது தேர்வைவிடக் கடினமாக இருந்தது. வகுப்பில் நடந்தது மட்டுமே இருக்க வேண்டும், அடைமொழி ஒன்றுகூட வேண்டாம் என்று முடிவு செய்து, அடித்து அடித்து அரைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

விருது பெறாதவர்களுக்கும், எழுதிய மாணவர்களின் அனுமதியுடன், அவர்களைப் பற்றிய பரிந்துரைகளைப் பெயர் நீக்கி அனுப்பினோம். பல ஆண்டுகளாகக் கற்பிக்கும் ஒருவர், தம் வகுப்பில் உண்மையில் எது வேலை செய்கிறது என்று மாணவர்கள் எழுதிப் பார்ப்பது இதுவே முதல் முறை என்று பதில் எழுதினார். வேலை செய்யாததையும் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். பரிந்துரைப் படிவத்தில் அதற்கு இடமில்லை. அவருடைய அந்த வேண்டுகோளையும், விதிகளையும், புதிய படிவத்தையும் அடுத்த குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, பரிந்துரைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அழித்தோம்.