ஜமாபந்திக்கு முந்தைய நாள்கள்

மே 5, திங்கள்

ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நெருங்குகிறது. மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் வட்டாட்சியர் காலையிலேயே வேலூர் சத்துவாச்சாரிக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை கையொப்பத்துக்கு வைத்த கோப்புகள் அப்படியே இருக்கின்றன.

மே 6, செவ்வாய்

பத்து மணிக்கு, என்னிடம் வரும் தபால்களையும் கோப்புகளையும் குறித்துவைக்கும் தன்பதிவேட்டைப் பிரித்து நிலுவையைப் பார்க்கத் தொடங்கியதும் கைப்பேசி ஒலித்தது. பதினோரு மணிக்குள் அறிக்கை வேண்டுமாம். கேட்ட விவரம் போன வாரம் வேறொரு பிரிவுக்கு வேறொரு படிவத்தில் அனுப்பியதுதான். கிராம நிர்வாக அலுவலர்களை ஒவ்வொருவராக அழைத்து, எண்களைக் கூட்டிச் சரிபார்த்து அனுப்புவதற்குள் உணவு இடைவேளை வந்துவிட்டது. அரசு ஊழியர் நேரத்தை வீணடிக்கிறார் என்பவர்கள், அந்த நேரம் யார் யாரால் பிடுங்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தேநீருக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்புகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக வாதாட எனக்கு மனமில்லை.

மே 8, வியாழன்

கத்திரி வெயில். பிற்பகல் முழுவதும் சர்வர் இல்லை.

மே 9, வெள்ளி

உட்பிரிவு செய்து பட்டா மாற்றக் கேட்டிருந்த அம்மா, இரண்டு பேருந்து மாறி மறுபடியும் வந்திருந்தார். மஞ்சள் பைக்குள் ரசீதையும் பத்திர நகலையும் நான்காக மடித்து வைத்திருந்தார். "இன்னைக்காவது ஆவுமா சார்?" என்று கேட்டார். நூறு நாள் வேலைக்குப் போகாமல் வந்ததால் இன்றைய கூலி போயிற்று. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் அரக்கோணத்துக்காரர் ஆட்சியரைப் பார்க்க வேலூர் வரை வர வேண்டியதில்லை. வட்ட அலுவலகத்தில் காத்திருக்கும் நேரத்தைத்தான் யாரும் குறைக்கவில்லை. எங்கள் வருகையைப் பதிவுசெய்ய இயந்திரம் இருக்கிறது, அந்த அம்மா வந்துபோன நாள்களுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. நில அளவரிடம் பேசி, வியாழக்கிழமை அவர் நிலத்துக்கே வருவார் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மே 12, திங்கள்

மீண்டும் ஓர் உடனடி அறிக்கை.

மே 13, செவ்வாய்

காலை பத்து முதல் பதினொன்றரை வரை கோப்புகள் மட்டும், அறிக்கைகள் மூன்று மணிக்குமேல், மனுதாரர் எவருக்கும் "நாளை வாருங்கள்" என்று சொல்லாமல் தேதி குறித்துத் தருவது என்று வட்டாட்சியரிடம் எழுதியே கொடுத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "ஜமாபந்தி முடியட்டும்" என்றார். வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி 1434 ஜூன் 30-இல்தான் முடிகிறது. பயிர்க் கணக்கான அடங்கலும் நில உரிமைக் கணக்கான சிட்டாவும் தணிக்கைக்குத் தயாராக வேண்டிய இந்த வாரங்களில்தான் இந்த ஒழுங்கு மிகவும் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

மே 15, வியாழன்

நில அளவர் காலையிலேயே களத்துக்குப் போய்விட்டார். வரைபடம் நாளை என் மேசைக்கு வரும் என்றார். நாளை பதினொன்றரை வரை அந்தக் கோப்பைத் தவிர வேறு எதையும் நான் பிரிப்பதாக இல்லை.