அம்மா சொன்ன பத்து வருஷம்

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அதிகாலை இரண்டு மணி இருக்கும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு சோடா தேட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. '24 மணி நேர அவசர சிகிச்சை' என்று பச்சை விளக்கில் எரியும். மணி அடித்ததும் டியூட்டி டாக்டர் வந்தார், சின்னப் பெண். ஐந்து நிமிடத்தில் இசிஜி எடுத்து, அந்த ரோஸ் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஹார்ட் அட்டாக்தான்மா. இங்க ஆஞ்சியோ பண்ற வசதி இல்ல. கேத் லேப், அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிற அறை, இருக்கிற இடத்துக்கு உடனே போகணும்." அப்பாவுக்கு ஆஸ்பிரினைக் கடித்துச் சவைக்கக் கொடுத்தார். 108-ஐ அவரே கூப்பிட்டார். டவுனில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு டாக்டரிடம் பேசி, இசிஜியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்று இரவு எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி அந்த ஒரு போன்தான்.

பலகையில் 24 மணி நேரம் என்று போட்டிருப்பதும், நடு ராத்திரியில் உள்ளே யார் இருக்கிறார் என்பதும் வேறு வேறு விஷயம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அவசர மருத்துவம் என்பதே தனி எம்.டி. படிப்பாக நம் நாட்டில் அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். எல்லா இடத்திலும் அந்தப் படிப்புப் படித்தவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பகலில் ஒரு தடவை போய், "ராத்திரி அவசரப் பிரிவுல யார் இருப்பாங்க? கேத் லேப் ராத்திரியும் ஓடுமா?" என்று கேட்டு வைத்திருக்கலாம். மாவு அரைக்கிற கடையைக்கூட விசாரித்துத்தான் போகிறோம்.

ஆம்புலன்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது நான் போனில் மருத்துவக் காப்பீட்டு பாலிசியைத் தேடிக்கொண்டிருந்தேன். 2017-இல் எடுத்தது, காப்புத் தொகை மூன்று லட்சம். வருடா வருடம் பணம் கட்டியதோடு சரி, திறந்து படித்ததில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளப் பட்டியலில் நாங்கள் போகும் மருத்துவமனையின் பெயர் இருந்தது. இல்லாவிட்டாலும் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க மாட்டேன். பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவது, கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் ஏற்பாடு வந்துவிட்டது. அவசர அட்மிஷன் என்றால் 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், அந்த மருத்துவமனையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வாசலிலேயே அவசரப் பிரிவு டாக்டர் காத்திருந்தார். அப்பாவின் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே கேள்விகள்: சுகர் உண்டா, சிகரெட் உண்டா, பிரஷர் உண்டா, எத்தனை வருஷமா? அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "அது இருக்கும் ஒரு பத்து வருஷமா" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். நானும் அதைக் கவனிக்கவில்லை.

இன்சூரன்ஸ் எடுப்பார்களா என்று வாசலில் செக்யூரிட்டியிடம் கேட்டேன். "எல்லா இன்சூரன்ஸும் எடுப்பாங்க மேடம்" என்றார். பொய் இல்லை. நாம் முழுப் பணத்தையும் கட்டி, பில்லை வாங்கி, பிறகு கிளைம் போடுவதற்கு யார்தான் வேண்டாம் என்பார்கள்? 'இந்த நிறுவனத்தோடு, இந்த பாலிசிக்கு உங்களுக்குக் கேஷ்லெஸ் உண்டா' என்று கேட்டிருக்க வேண்டும். கவுன்டரில் இருந்த பையனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்சூரன்ஸ் டெஸ்க் காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்குமாம். அதுவரைக்கும் ஐம்பதாயிரம் அட்வான்ஸ். அது வரும்வரை உள்ளே யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நிற்கவும் கூடாது. அவசர நோயாளிக்கு முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் ரசீதை வாங்கித் திரும்பியபோது அப்பா கேத் லேபுக்குள் போயிருந்தார். ஒரு ஸ்டென்ட். ஆறு மணிக்கு ஐசியு கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார்.

ஒன்பது மணிக்கு டெஸ்க்கில் ஒரு அக்கா வந்தார். ஆதார், பாலிசி, இசிஜி, டாக்டர் எழுதிய செலவு மதிப்பீடு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினார். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஐம்பது நிமிடத்தில் பதில் வந்தது, கேள்வியாக. "நோயாளிக்குப் பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம் உள்ளது. 2017 விண்ணப்பத்தில் இது தெரிவிக்கப்படவில்லை. விளக்கம் தேவை."

எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. அந்த அக்கா பதறவில்லை. "தினம் ஒண்ணு இப்படி வரும். பிரஷர் எப்போ கண்டுபிடிச்சாங்க? முதல் சீட்டு இருக்கா?" என்றார். அம்மாவை உட்கார வைத்துக் கேட்டேன். யோசித்து யோசித்து, "கொரோனா சமயத்துலதான் முதல்ல மாத்திரை ஆரம்பிச்சது" என்றாள். அப்புறம் ஏன் பத்து வருஷம் என்றாய்? "பயத்துல ஏதோ சொன்னேன், போ" என்றாள்.

அப்பாவின் சீட்டுகளெல்லாம் பீரோவுக்கு மேலே ஒரு மஞ்சப்பையில் இருக்கும். பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சாவி இருந்தது. அவர் பையை அப்படியே தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பினார். கரன்ட் பில், கல்யாணப் பத்திரிகை, அப்பாவின் பழைய கண்ணாடிச் சீட்டு. பதினேழாவது படம்: 2020 ஜூன் தேதியில் எங்கள் தெரு டாக்டரின் சீட்டு. அப்பாவின் பிரஷர் அளவும் முதல் மாத்திரையின் பெயரும் அதில் இருந்தன. அதைப் பார்த்து அவசரப் பிரிவு டாக்டர், வீட்டார் பதற்றத்தில் சொன்னதை எழுதியதாகவும் ஆவணப்படி 2020 முதல்தான் என்றும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். அந்த அக்கா கீழே ஒரு வரி சேர்த்தார்: பாலிசி இடைவெளி இல்லாமல் 60 மாதத்தைத் தாண்டிவிட்டது, மோசடி என்று நிரூபிக்காமல் இந்தக் காரணத்துக்காக மறுக்க முடியாது. மதியம் முதல் அப்ரூவல் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஐசியுவிலிருந்து மாற்றும்போது நர்ஸ், "ஏசி தனி ரூம் போடலாமா?" என்றார். அப்பா தூங்கட்டும் என்று தலையாட்டினேன். நாளுக்கு 4,500. பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்புத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000. கூடுதல் 1,500-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. வரம்பைத் தாண்டிய விகிதத்தில் டாக்டர் கட்டணம், நர்சிங் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார்கள். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைகள், ஐசியு கட்டணம் தப்பின. கையுறை மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கும் காப்பீடு கிடையாது. எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போனது இருபத்திரண்டாயிரம். அதை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில் போன மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி வர வேண்டும், அதுவும் அதே சுற்றறிக்கைதான். இரண்டே முக்காலில் வந்தது. அப்பா அதற்குள் கேன்டீன் இட்லியைப் பற்றி நாலு பேரிடம் குறை சொல்லியிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து செக்கப்புக்குப் போனோம். அன்றைக்கு வேறு டாக்டர், புது ஃபைல். "ஐயாவுக்கு பிரஷர் எத்தனை வருஷமா?" என்று கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மஞ்சப்பையைத் திறந்தாள். "எழுதிக்கோங்க சார், 2020 ஜூன்."